பந்திக்கு நடுவே ஒரு தட்டி: ரமணாசிரமத்தில் சேர்ந்து வாழ்ந்தவர்களின் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தியிருக்கிறோம்.)

நான் திருவண்ணாமலையை ஒட்டி இருக்கிற வேங்கிக்கால்ல இருந்து பேசுறேன். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்னு சொன்னா இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு உடனே தெரியும்.

சென்னையிலோ பெங்களூர்லயோ வேலை பார்க்கிற நண்பர்கள் கூட்டத்துல வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வரும். "மச்சி, எல்லாரும் காசு போட்டு ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர் வாங்குவோம். ஆளுக்கொரு சின்ன வீடு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமையல்கட்டு." இந்தக் கனவோட எங்க ஊருக்கு வர்றவங்களை நிறைய பார்க்கிறேன். சில பேர் வாடகைக்கு ஒரு வீடு பிடிச்சு சேர்ந்து தங்கியும் பார்க்கிறாங்க. ஆறு மாசம் நல்லா போகும். அப்புறம் உடையும். கொள்கையில சண்டை வந்து உடைஞ்சதை நான் அதிகம் பார்த்ததில்லை. பாத்திரம் யார் கழுவுறது, கேஸ் யார் புக் பண்றது, கடைசி முடிவு யாரோடது, இதுலதான் உடையுது.

உடைஞ்ச பிறகு எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்வாங்க: ஈகோ. அதாவது, அடுத்தவனோட ஈகோ.

சரி, அப்போ ஒரு கேள்வி. ஈகோவே இல்லைன்னு எல்லாரும் ஒத்துக்கிற ஒரு மனுஷன் நடுவுல இருந்தா, அவரைச் சுத்தி வாழ்றவங்க சண்டையில்லாம இருப்பாங்களா? இதைச் சோதிச்சுப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். வேங்கிக்கால்ல இருந்து ஊரைத் தாண்டி, மலைக்குத் தெற்கே செங்கம் ரோட்டுக்குப் போனா போதும். இன்னைக்கு எபிசோட் ரமணாசிரமத்தைப் பத்தி. ஆன்மிகப் பேச்சு இல்ல. அங்கே ஒண்ணா சாப்பிட்டு, ஒண்ணா வேலை செஞ்சு, ஒண்ணா சண்டை போட்ட மனுஷங்களோட வரலாறு.

யாரும் திட்டம் போடாத ஆசிரமம்

அடிப்படைத் தகவல்களை வேகமா பார்த்துடுவோம். வெங்கட்ராமன் 1879 டிசம்பர் 30ஆம் தேதி திருச்சுழியில் பிறந்தார். மதுரையில் பள்ளிக்கூடம் படிக்கும்போது, 16 வயசுல, செத்துப்போயிட்டா என்ன ஆகும்னு ஒரு பயம் திடீர்னு வந்து, அந்த அனுபவம் அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். அன்னைக்கே பூணூலைக் கழட்டி எறிஞ்சார். கடைசி வரைக்கும் இந்த ஊரை விட்டுப் போகல.

பல வருஷம் விருபாட்ச குகை, பிறகு 1916 முதல் கந்தாசிரமம். அவர் அதிகம் பேசாம இருந்த காலத்துல, 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளைங்கிறவர் வந்து கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னாடி 'நான் யார்?' என்ற சின்ன நூல் ஆச்சு. அதோட சாரம் நமக்குத் தெரிஞ்சதுதான். எல்லா எண்ணத்துக்கும் முன்னாடி 'நான்'ங்கிற எண்ணம் வருது. அது எங்கிருந்து வருதுன்னு பாரு. பிடிச்சுப் பார்த்தா அது நிக்காது.

1922 மே மாசம் அவரோட அம்மா அழகம்மாள் இறந்தாங்க. மலையடிவாரத்துல, பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்துல அடக்கம் செஞ்சாங்க. கொஞ்ச மாசம் மலையில இருந்து இறங்கி வந்து போயிட்டிருந்த ரமணர், ஒருநாள் அங்கேயே தங்கிட்டார். ஒரு கூரைக் கொட்டகை. அதுதான் ஆசிரமம். யாரும் கூட்டம் போடல, விதிமுறை எழுதல, உறுப்பினர் சேர்க்கல. வந்தவங்க வந்தாங்க, தங்கினவங்க தங்கினாங்க.

1924 ஜூன் 26ஆம் தேதி ராத்திரி திருடங்க வந்தாங்க. கிடைச்சது சில ரூபாய்தான். கோபத்துல எல்லாரையும் அடிச்சாங்க, ரமணருக்கும் தொடையில அடி விழுந்தது. கூட இருந்த இளைஞர்கள் திருப்பி அடிக்கக் கிளம்பினப்போ அவர் தடுத்துட்டார். பல்லு நாக்கைக் கடிச்சுட்டா பல்லை உடைச்சா போடுவோம்னு கேட்டதா சொல்வாங்க. இதை ஏன் சொல்றேன்னா, அந்த மனுஷரோட 'நான்' எவ்வளவு லேசானதுங்கிறதுல அவரை எதிர்த்தவங்களுக்கும் பெருசா சந்தேகம் இருந்ததில்லை. சிக்கல் அவர்கிட்ட இல்லை. அவரைச் சுத்தி இருந்த மத்த 'நான்'கள்தான் சிக்கல்.

விடியக்காலை சமையல்கட்டு

முதல்ல நல்லா நடந்ததைப் பார்ப்போம். ரமணர் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவார். காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், சாம்பார் கிண்டுவார். பல வருஷம் இது நடந்தது. அப்புறம் சாப்பிட இலை தைக்கிறது, புத்தகம் பைண்டு பண்றது, அச்சுப்பிழை திருத்துறது. சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள்னு அங்கே சமைச்ச பெண்கள் விட்டுட்டுப் போன நினைவுகள்ல பாதி சமையல் கதைதான். தரையில சிந்தின கடுகைப் பொறுக்குவார், காய்த்தோலை மாட்டுக்குக் கொடுக்கச் சொல்வார், அவர் சொன்ன மாதிரி செய்யலைன்னா விடமாட்டார்.

சாப்பாட்டுல ஒரு கண்டிப்பு இருந்தது. தனக்குன்னு எதுவும் கூடுதலா வைக்கக் கூடாது. யாராவது அன்போட ஒரு கரண்டி அதிகம் வெச்சா கோபம் வரும். எல்லாருக்கும் கொடுக்க முடியாத ஒண்ணு தனக்கும் வேண்டாம், அவ்வளவுதான்.

ஒரு குழுவோட தலைவர்னா நம்ம மனசுல வர்ற படம் என்ன? மேடை, மைக், தனி அறை. இங்கே தலைவர் வெங்காயம் உரிச்சிட்டிருக்கார். அவர் முன்னாடி உட்கார்ந்து 'நான் பெரிய ஆள், எனக்கு இந்த வேலை வேண்டாம்'னு யார் சொல்ல முடியும்? 'ஈகோவை விடு'ன்னு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்றதைவிட இது வேலை செஞ்சது. ஈகோவுக்குத் தீனி கிடைக்காத மாதிரி ஒரு இடத்தை உருவாக்கிட்டார்.

ஆசிரமத்துல இன்னைக்கும், மதிய பந்திக்கு முன்னாடி வெளியே காத்திருக்கிற சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சாப்பாடு போட்டுடுவாங்க. உள்ளே இருக்கிறவங்களுக்கு அப்புறம்தான்.

நிர்வாகி யார்?

இப்போ சண்டைக்கு வருவோம். கொட்டகை வளர்ந்தது. ஆளுங்க கூடினாங்க. காசு வந்தது. காசு வந்தா கணக்கு வரும், கணக்கு வந்தா நிர்வாகி வேணும்.

மலை மேல இருந்த காலத்துல ரமணருக்குப் பணிவிடை செஞ்ச பெருமாள்சாமி, நிர்வாகத்தையும் பார்த்தவர். பின்னாடி மத்தவங்களோட ஒத்துப்போகல, வெளியேறினார். 1930 வாக்கில் ரமணரோட தம்பி நாகசுந்தரம், அதாவது துறவு வாங்கி நிரஞ்சனானந்தர் ஆனவர், சர்வாதிகாரி ஆனார். சர்வாதிகாரின்னதும் பயப்படாதீங்க. அந்தக் காலத்துல மடத்து நிர்வாகத் தலைவருக்கு அதுதான் பேர். எல்லாரும் அவரைச் 'சின்னசாமி'ன்னு கூப்பிட்டாங்க.

பெருமாள்சாமி கோர்ட்டுக்குப் போனார். நிர்வாகம் தனக்குத்தான் சேரணும்னு வழக்கு. ரமணரைத் தாக்கி ஒரு புத்தகமே போட்டார். அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஆசிரமமே கொதிச்சப்போ, 'இதை நம்ம வாசல்லயே விற்கலாமே, இதை நம்புறவங்க உள்ளே வராம போயிடுவாங்க, கூட்டமாவது குறையும்'ங்கிற மாதிரி ரமணர் சொன்னதா கூட இருந்தவங்க பதிவு செஞ்சிருக்காங்க. வழக்குல அவரையே சாட்சியா விசாரிச்சாங்க. பிரம்மச்சரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம்னு நாலு ஆசிரமத்துல நீங்க எதுன்னு வக்கீல் கேட்டார். இது நாலுக்கும் அப்பாற்பட்ட 'அதியாசிரமம்'னு பதில் சொன்னார். வழக்கு பெருமாள்சாமிக்குச் சாதகமா முடியல.

யோசிச்சுப் பாருங்க. 'நான் யார்?'னு கேட்கச் சொன்னவரோட பக்கத்துலயே வருஷக்கணக்கா இருந்த ஒருத்தர், 'நிர்வாகி யார்?'னு கேட்டு கோர்ட்டுக்குப் போறார். அவரை வில்லன் ஆக்குறது சுலபம். ஆனா அவர் எழுப்பினது நியாயமான கேள்வி. பொதுவா வர்ற காசுக்கு யார் பொறுப்பு? அதைக் கேட்க ஆசிரமத்துக்குள்ள ஒரு இடம் இல்லாததால அது கோர்ட்டுக்குப் போச்சு.

இன்னொரு பக்கம் அண்ணாமலை சுவாமி. 1928ல் வந்தவர். கோசாலை, சாப்பாட்டுக்கூடம் இதெல்லாம் அவர் மேற்பார்வையில எழுந்தது. கட்டட வேலையில சின்னசாமி ஒண்ணு சொல்வார், ரமணர் தனியா வேற ஒண்ணு சொல்லி அனுப்புவார். 'நான் சொன்னேன்னு சொல்லாதே'ன்னும் சொல்வார். கோசாலை பெருசா வேணுமா, சின்னதா போதுமான்னு ஒரு பெரிய சண்டையே நடந்தது. நடுவுல மாட்டிக்கிட்டவர் அண்ணாமலை சுவாமி. திட்டு முழுக்க அவருக்குத்தான்.

இதைப் பக்தர்கள் 'குரு சிஷ்யனோட அகந்தையை அறுத்தார்'னு விளக்குவாங்க. இருக்கலாம். ஆனா ஒரு குழுவை நடத்தணும்னு நினைக்கிற நீங்க இந்த முறையைக் காப்பி அடிக்காதீங்க. ரெண்டு இடத்துல இருந்து உத்தரவு வந்தா, நடுவுல நிக்கிறவன் நொறுங்கிடுவான். சின்னசாமிக்கும் ஒரு பக்கம் உண்டு. தினமும் கூடிக்கிட்டே போற கூட்டத்துக்குச் சோறு போட்டது, வரவு செலவு பார்த்தது எல்லாம் அவர்தான். அண்ணன் மகரிஷியா இருக்க, யாராவது ஒருத்தர் மளிகைக் கடைக்காரர்கிட்ட பேசித்தானே ஆகணும்?

பக்கத்துத் தோப்பு

இவ்வளவு சண்டைக்கும் நடுவுல ஆசிரமம் ஏன் உடையல? அதுக்கு ரமணர் மட்டும் காரணம் இல்லைன்னு எனக்குத் தோணுது. பாலாக்கொத்துன்னு ஒரு இடமும் காரணம்.

ஆசிரமத்துக்கு மேற்கே ஒட்டினாப்ல ஒரு தோப்பு. அங்கே சாதுக்கள் சின்னச் சின்னக் குடிசை போட்டுத் தங்கினாங்க. குஞ்சு சுவாமி, முருகனார் இவங்கல்லாம் அங்கே இருந்தாங்க. அவங்கவங்க சமையல், அவங்கவங்க நேரம். ஆசிரம நிர்வாகத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனா ரெண்டு நிமிஷம் நடந்தா ரமணர் முன்னாடி உட்காரலாம். அவரும் நடைக்குப் போகும்போது அந்தப் பக்கம் போவார். 1938ல் அண்ணாமலை சுவாமியும் ஆசிரம வேலையை விட்டுட்டு அங்கேதான் போனார். 1995ல் இறக்கிற வரைக்கும் அங்கேயே வாழ்ந்தார்.

நிர்வாகத்தைப் பத்திப் புகார் சொல்ல வந்தவங்களுக்கு ரமணர் சொன்ன பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: நீ எதுக்கு வந்தியோ அந்த வேலையைப் பாரு. கேட்கிறவனுக்கு இது எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா பாலாக்கொத்து இருந்ததால இந்தப் பதில் கொஞ்சம் தாங்கக்கூடியதா ஆச்சு. நிர்வாகத்தோட ஒத்துப்போகலையா, பக்கத்துக்குப் போ. உறவு அறுந்து போகாது.

நம்ம நண்பர்கள் கூட்டத்துல என்ன நடக்குது? ஒண்ணு முழுசா உள்ளே இருக்கணும், இல்லன்னா வாட்சப் குரூப்ல இருந்தே வெளியேறணும். நடுவுல ஒரு தோப்பு கிடையாது.

தட்டி

இப்போ கஷ்டமான பகுதி. இதை விட்டுட்டு ரமணாசிரமக் கதையைச் சொன்னா அது பாதிக் கதை.

அந்தச் சாப்பாட்டுக்கூடத்துல ஒரு தடுப்பு இருந்தது. ஆசாரம் பார்க்கிற பிராமணர்கள் ஒரு பக்கம். பிராமணர் அல்லாதவங்க, வெளிநாட்டுக்காரங்க, ஆசாரம் பார்க்காத பிராமணர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கத்துக்கும் தெரியற மாதிரி ஓரிடத்துல ரமணர். அங்கேயே பல வருஷம் இருந்த ஆர்தர் ஆஸ்பர்ன் இதை மறைக்காம எழுதியிருக்கார். சமைச்ச பெண்கள் பெரும்பாலும் பிராமண விதவைகள். இருட்டுறதுக்குள்ள அவங்க ஆசிரமத்தை விட்டு வெளியே போயிடணும், ராத்திரி பெண்கள் தங்கக் கூடாதுன்னு விதி.

பூணூலை 16 வயசுல எறிஞ்சவர் அவர். மலை மேல இருந்தப்போ யார் பிச்சை போட்டாலும் வாங்கி எல்லாரோடயும் கலந்து சாப்பிட்டவர். அம்மா ஆசாரம் பார்த்தப்போ, வெங்காயத்தைக் காட்டிக் கிண்டல் பண்ணவர். ஆனா சாப்பாட்டுக்கூடத்துத் தட்டியை அவர் பிடுங்கல. ஆதரிச்சும் பேசல.

இதே காலத்துல தமிழ்நாட்டையே குலுக்கின ஒரு பந்திச் சண்டை நடந்தது. 1922ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம், திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் நடந்தது. தேசபக்தியோட, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து வளரணும்னு ஆரம்பிச்ச இடம். காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே ரெண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. பெத்தவங்களுக்கு வாக்கு கொடுத்துட்டேன்னு ஐயர் சொன்னார். வெறும் ரெண்டு பையன்கள்தானேன்னு தோணும். ஆனா பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடல. பொதுப்பணத்துல நடக்கிற இடத்துல ஒரு இலை கூட தனியா விழக் கூடாதுன்னு நின்னாங்க. காந்தி ஒரு சமரசம் சொல்லிப் பார்த்தார், எடுபடல. ஐயர் பொறுப்புல இருந்து விலகினார். 1925 ஜூன் 3ஆம் தேதி, பாபநாசம் அருவியில மகள் சுபத்ராவைக் காப்பாத்தப் போய் உயிரை விட்டார். அந்த வருஷ நவம்பர்ல, காஞ்சிபுரம் மாநாட்டுல, வகுப்புவாரி பிரதிநிதித்துவப் பிரச்சினையில பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். குருகுலத்துல பட்ட கசப்பும் அதுக்குப் பின்னாடி இருந்தது.

அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1915ல், அகமதாபாத் கோச்ரப்ல காந்தி ஆசிரமம் தொடங்கி சில மாசம்தான் ஆகியிருந்தது. தூதாபாய்ங்கிற தலித் ஆசிரியர் குடும்பத்தோட வந்து சேர்ந்தார். கஸ்தூரிபாவுக்கே முதல்ல பிடிக்கல. கிணத்துல தண்ணி எடுக்கும்போது தகராறு. நன்கொடை நின்னு போச்சு. யாரோ ஒருத்தர் வந்து 13,000 ரூபாய் கொடுத்துட்டுப் போனதாலதான் தப்பிச்சது. ஆனா தூதாபாய் குடும்பத்தை வெளியே அனுப்பலாமான்னு ஒரு பேச்சுக்கே காந்தி இடம் கொடுக்கல.

மூணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கோச்ரப்ல விதி உடைஞ்சது, ஆசிரமம் கிட்டத்தட்ட மூழ்கிப் போகப் பார்த்தது. சேரன்மாதேவியில விதி காப்பாத்தப்பட்டது, குருகுலம் சிதைஞ்சது. திருவண்ணாமலையில விதி அப்படியே இருந்தது, ஆசிரமமும் அமைதியா இருந்தது. அப்போ இந்த அமைதிக்கு விலை கொடுத்தது யார்? தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவங்க.

நம்ம எல்லாரும் ஈகோவை ஒரு தனி மனுஷனோட குணமா பார்க்கிறோம். கோபக்காரன், கர்வி, பேச்சை நிறுத்தாதவன். ஆனா ஈகோ ஒரு மூங்கில் தட்டியாவும் இருக்கலாம். அப்போ அதைச் சுமக்க யாருமே கர்வியா இருக்க வேண்டியதில்லை. ரொம்பப் பணிவான ஒருத்தர், கையைக் கூப்பிக்கிட்டே, தன் பக்கத்துல போய் உட்கார்ந்தா போதும். 'நான்'ங்கிறதை அவர் உள்ளுக்குள்ள எவ்வளவு கரைச்சாலும், 'நாங்க'ங்கிறது அங்கே பத்திரமா நிக்குது. நடுவுல உட்கார்ந்திருக்கிறவர் எவ்வளவு பெரிய ஞானியா இருந்தாலும் தட்டி தானா விழாது. அதை யாராவது கையால எடுத்து வெளியே வெக்கணும்.

அவருக்குப் பிறகு

கடைசியா ஒண்ணு. நடுவுல இருக்கிறவர் போயிட்டா என்ன ஆகும்?

1938ல் ரமணர் பேர்ல ஒரு உயில் எழுதினாங்க. நிர்வாகம் சின்னசாமிக்கு, அவருக்குப் பிறகு அந்த வம்சத்துக்குன்னு அதுல இருந்தது. கையெழுத்துப் போட அவருக்குன்னு ஒரு பேர் இல்லைன்னு, அந்த இடத்துல ஒரு கோடு போட்டார். பேரே இல்லாத ஒருத்தரோட ஆசிரமம், பரம்பரைச் சொத்து மாதிரி ஒரு குடும்பத்துக்குப் போனதை அப்பவே சிலர் ஏத்துக்கல. ஆனா 1950 ஏப்ரல் 14ஆம் தேதி அவர் இறந்தப்போ, 1953ல் சின்னசாமியும் இறந்தப்போ, அடுத்து யார்ங்கிறது தாள்ல தெளிவா இருந்தது.

இதோட எதிர்ப்பக்கம், இங்கிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனா ஆரோவில். 1968 பிப்ரவரி 28ல் தொடங்கியது. 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்டாங்க. இது யாருக்கும் தனிச் சொந்தமில்லைன்னு சாசனம் எழுதினாங்க. ஆனா சொத்து எல்லாம் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி பேர்ல இருந்தது. 1973ல் அன்னை இறந்ததும், சொசைட்டிக்கும் அங்கே வாழ்ந்தவங்களுக்கும் வருஷக்கணக்குல சண்டை. 1980ல் மத்திய அரசு ஒரு அவசரச் சட்டத்தோட உள்ளே வந்தது, உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போச்சு, 1988ல் தனிச் சட்டமே போட்டு ஆரோவில் ஃபவுண்டேஷன் உருவாச்சு. யாருக்கும் சொந்தமில்லாத ஊருக்கு நிர்வாகி அரசுன்னு ஆச்சு. 2021 கடைசியில கிரவுன் ரோட்டுக்காக மரம் வெட்டினப்போ மறுபடியும் அதே கேள்வி: முடிவெடுக்கிறது யார்?

அதனால, அந்த ஒரு ஏக்கரை வாங்கப் போற நண்பர்களுக்கு நான் சொல்றது இதுதான். 'நம்மள்ல யாருக்கும் ஈகோ கிடையாது, பார்த்துக்கலாம்'னு ஆரம்பிக்காதீங்க. எல்லாருக்கும் இருக்கும், ஞானி பக்கத்துல உட்கார்ந்தாலும் இருக்கும். யார் வெங்காயம் உரிக்கிறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அதுல சம்பளம் அதிகமா வாங்குறவர் பேர் கண்டிப்பா இருக்கட்டும். கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைங்க. சண்டை வந்தா போய் இருக்க பக்கத்துல ஒரு தோப்பை விடுங்க. நாளைக்கு யார் பொறுப்புங்கிறதை நட்பு நல்லா இருக்கும்போதே தாள்ல எழுதுங்க.

அப்புறம், சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. யார் சமைக்கிறாங்க, யார் முதல்ல சாப்பிடுறாங்க, யார் எப்பவும் ஓரத்துல உட்கார்றாங்க. உங்க வீட்டுத் தட்டி மூங்கில்ல இருக்காது. இங்கிலீஷா இருக்கலாம், சைவம் அசைவமா இருக்கலாம், பாத்திரம் கழுவ வர்ற அக்காவுக்குத் தனியா வெச்சிருக்கிற டம்ளரா இருக்கலாம். எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கிற வீட்டுலதான் அது சுலபமா கண்ணுக்குத் தப்பும்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, அந்த ஒரு ஏக்கர் கனவு காண்ற நண்பர்கள் குரூப்ல ஷேர் பண்ணுங்க. அடுத்த வாரம் வேற ஒரு வரலாறோட சந்திப்போம்.